பஸ் ஜன்னலில் தெரியும் தலைநகரம்

டெல்லிக்குச் சுற்றுலா போய்வந்த யாரிடமாவது "என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தியா கேட், பார்லிமெண்ட், ராஷ்டிரபதி பவன், செங்கோட்டை, குதுப்மினார்... அப்புறம் ஆக்ரா போயி தாஜ்மஹால்" என்று மடமடவென்று பட்டியல் வரும். "பார்லிமெண்ட் உள்ள போனீங்களா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் சத்தம் குறைந்துவிடும். "இல்ல, வண்டிய நிறுத்த விடல. பஸ்ல இருந்தே காட்டினாங்க."

சென்னையிலிருந்து டெல்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஏறினால் ஒன்றரை நாள். மாதக்கணக்கில் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் குடும்பத்தோடு அவ்வளவு தூரம் போகிறவர், தாஜ்மஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அது ஷாஜகான் தன் மனைவிக்குக் கட்டியது. ஆனால் தன் ஓட்டு எங்கே போய்ச் சேருகிறதோ, தன் வரிப்பணம் எங்கே கணக்குப் பார்க்கப்படுகிறதோ, அந்தக் கட்டிடத்தை மட்டும் ஜன்னல் கம்பி வழியாக 2 நிமிடம் பார்த்துவிட்டு வருகிறார். "வலது பக்கம் பாருங்க, பார்லிமெண்ட்!" என்று கைடு சொல்லி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிடும்.

இது சரியா என்பதுதான் கேள்வி. தலைநகரத்தின் அரசுக் கட்டிடங்கள் போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் இருப்பவை அல்ல. அவை மக்கள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவை. அதற்கான வழியை எளிதாக்குவது அரசின் கடமை. கிடைத்த வழியைப் பயன்படுத்திக்கொள்வது மக்களின் கடமை.

யாருக்காகக் கட்டியது?

இந்தக் கட்டிடங்கள் மக்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஓர் அறிவிப்பு செய்தார். கல்கத்தாவில் இருந்த தலைநகரம் இனி டெல்லி என்றார். அதன்பிறகு எட்வின் லுட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர்கள் ரைசினா குன்றின் மேல் ஒரு புது நகரத்தையே வரைந்தார்கள். வைஸ்ராய்க்கு மாளிகை, அதிகாரிகளுக்கு இரண்டு பெரிய செயலகக் கட்டிடங்கள், இவற்றுக்கு முன்னால் நேர்கோடாக ஓடும் ராஜபாட்டை. அதன் பெயரே கிங்ஸ்வே!

அந்த மாளிகைதான் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. மொத்தம் 340 அறைகள். கீழே நிற்கிற ஒரு சாதாரண இந்தியன் நிமிர்ந்து பார்க்க வேண்டும், பார்த்து மலைக்க வேண்டும், "இவர்களை எதிர்த்து நின்றால் தாங்குமா?" என்று நினைக்க வேண்டும். கட்டியதன் நோக்கத்தில் பாதி இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தியா கேட் பக்கமிருந்து நடந்து போனால் தூரத்தில் மாளிகை முழுதாகத் தெரியும். குன்றின் மேட்டை நெருங்க நெருங்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, ஓர் இடத்தில் குவிமாடம் மட்டும்தான் மிஞ்சும். சாலையின் ஏற்றம் மறைத்துவிடுகிறது. செயலகங்களையும் மாளிகையையும் ஒரே மட்டத்தில் வைக்க பேக்கர் விரும்பினார். லுட்யன்ஸ் முதலில் ஒத்துக்கொண்டார். பிறகுதான் விளைவு புரிந்து, சரிவை மாற்றச் சொல்லிப் போராடிப் பார்த்தார். நடக்கவில்லை. நெருங்கிப் பழகிய இரண்டு நண்பர்கள் இந்த ஒரு சரிவால் பகையானார்கள். நடந்து போகிறவருக்குத்தான் இந்தக் கதை கண்ணில் படும். பஸ்ஸில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

1931 பிப்ரவரியில் புது டெல்லிக்குத் திறப்பு விழா நடந்தது. 1947 ஆகஸ்டில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 ஆண்டுகள்தான்! நூற்றாண்டுகள் ஆளப் போகிறோம் என்று கட்டிய கல் கட்டிடத்தில் அவர்கள் இருந்தது, ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்பு முடிக்கும் காலம்.

அதற்குப் பிறகு அங்கே குடியேறியவர்களில் ஒருவர் ராஜாஜி. 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியக் கவர்னர் ஜெனரலாகப் போன அவர், வைஸ்ராய்கள் இருந்த பிரம்மாண்டமான அறைகளில் தங்க விரும்பவில்லை. வேறொரு பகுதியில் சில சிறிய அறைகளே போதும் என்று சொல்லிவிட்டார். வைஸ்ராயின் அறைகள் விருந்தினர் தங்கும் இடமாயின. ராஜாஜி தேர்ந்தெடுத்த பகுதியில்தான் அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் குடியிருக்கும் வழக்கம் வந்தது. ஒரு கட்டிடம் கைமாறுவது என்றால் இதுதான். கொடி மாறியதோடு நில்லாமல், உள்ளே வாழ்கிற விதமும் மாறியது.

கல்லில் இருக்கும் பாடம்

"பழைய கட்டிடத்தைப் பாத்து என்ன ஆகப் போகுது? புத்தகத்துல படிச்சா போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலை அந்தக் கட்டிடங்களே சொல்லட்டும்.

பழைய நாடாளுமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-ல் அடிக்கல், 1927-ல் திறப்பு. வட்ட வடிவம், சுற்றிலும் 144 தூண்கள். 1929 ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் இந்தக் கட்டிடத்துக்குள் இருந்த மத்திய சட்டசபையில்தான் குண்டு வீசினார்கள். யாரையும் கொல்ல வீசியது அல்ல, செவிடர் காதில் விழ வேண்டும் என்று வீசியது. கூடவே துண்டுப் பிரசுரங்களையும் தூவினார்கள், ஓடாமல் நின்று கைதானார்கள். அவர்கள் எங்கிருந்து வீசினார்கள் தெரியுமா? பார்வையாளர் மாடத்திலிருந்து! அன்றைக்கு அவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போலத்தான் உள்ளே போனார்கள். பள்ளிப் புத்தகத்தில் "சட்டசபையில் குண்டு வீசினர்" என்று ஒரு வரி இருக்கும். மாடம் எவ்வளவு உயரம், கீழே இருக்கைகள் எவ்வளவு பக்கம், இதெல்லாம் அங்கே நின்று பார்த்தால்தானே புரியும்?

அதே கட்டிடத்தின் மைய மண்டபத்தில்தான் 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை முதன்முதலில் கூடியது. கிட்டத்தட்ட 3 ஆண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விவாதித்து நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதினார்கள். சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தாட்சாயணி வேலாயுதன் அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் உறுப்பினர். சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் வரைவுக் குழுவில் இருந்தார். வைஸ்ராய் ஆட்சிக்காகக் கட்டிய மண்டபத்தில், தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று சட்டம் எழுதப்பட்டது. இதைவிட ஒரு கட்டிடத்துக்குப் பெரிய மாற்றம் என்ன வேண்டும்?

இந்தியா கேட்டையும் பாருங்கள். 42 மீட்டர் உயரம். அது ஏதோ ஊர் வாசல் வளைவு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு நினைவுச் சின்னம். முதல் உலகப் போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்த இந்தியப் படை வீரர்களுக்காக எழுப்பியது. 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. யாருடைய போருக்கோ போய், எந்த நாட்டு மண்ணிலோ விழுந்த கிராமத்துப் பிள்ளைகள். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பெயரைக்கூடப் படிக்காமல் திரும்புகிறவர்களே அதிகம்.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை நின்றது. 1968-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த மண்டபம் காலியாகவே நின்றது. யாருடைய சிலையை வைப்பது என்று முடிவாகவில்லை. 2022 செப்டம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் கிரானைட் சிலை அங்கே வந்தது. செங்கோட்டைக்குள் 1945-ல் நேதாஜியின் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது இதே ஆங்கில அரசு விசாரணை நடத்தியது. அந்தக் கோட்டையையும் இந்த மண்டபத்தையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு யாராவது இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னால், அது மறக்கவே மறக்காது.

பெயரை மாற்றினால் போதுமா?

கடந்த சில ஆண்டுகளில் தலைநகரத்தில் நிறைய மாறியிருக்கிறது. 2022-ல் ராஜபாதை கர்த்தவ்ய பாதை ஆனது. 2023 ஜனவரியில் மொகல் தோட்டம் அம்ரித் உத்யான் ஆனது. 2023 மே 28 அன்று முக்கோண வடிவப் புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. மக்களவையில் 888 இருக்கைகள், மாநிலங்களவையில் 384. 1947-ல் திருவாவடுதுறை ஆதீனம் மூலம் நேருவிடம் கொடுக்கப்பட்டு, பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்த செங்கோல், மக்களவைத் தலைவரின் இருக்கைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பழைய கட்டிடம் சம்விதான் சதன் என்ற பெயர் பெற்றது. 2024 ஜூலையில் குடியரசுத் தலைவர் மாளிகையின் தர்பார் மண்டபமும் கணதந்திர மண்டபம் ஆனது.

காரணம் என்ன சொல்கிறார்கள்? அடிமைத்தனத்தின் அடையாளங்களை நீக்க வேண்டும் என்கிறார்கள். நல்லது. இதை ஆதரிப்பவர்களும் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே இருக்கும் மண்டபத்தின் பெயர் தர்பாராக இருந்தால் என்ன, கணதந்திரமாக இருந்தால் என்ன? பெயர்ப்பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. கதவைத் திறந்து வைப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. ஒரு மாளிகை மக்களுடையதாக மாறியதா இல்லையா என்பதை இரண்டாவதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இந்த விஷயத்தில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். மாளிகைத் தோட்டத்தை ஆண்டுதோறும் மக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் காலத்தது. அப்துல் கலாம் அந்த வளாகத்தில் மூலிகைத் தோட்டம் அமைத்தார். பார்வையற்றவர்கள் தொட்டும் முகர்ந்தும் அறிந்துகொள்ள ஒரு தனித் தோட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது. வைஸ்ராய் உலாவிய தோட்டத்தில் பார்வையற்ற ஒரு பிள்ளை செடியைத் தடவிப் பார்க்கிறது! பிறகு பழைய குதிரை லாயமும் கார் கொட்டகையும் அருங்காட்சியகமாக மாறின. இன்றைக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, சிறு கட்டணம் கட்டினால், மாளிகையின் முக்கிய மண்டபங்களையே சுற்றிப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றமும் 2018 முதல் முன்பதிவு செய்தவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறது. 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்துக்குக் கட்டணமே கிடையாது. அங்கே வட்ட வட்டமான சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள். இலங்கையில் 1987-ல் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலையும் உண்டு.

வழி இருக்கிறது. ஆனால் டூர் பஸ்ஸில் போகிறவருக்கு அந்த வழி தெரியவில்லை! டூர் நடத்துகிறவருக்குக் கணக்கு ஒன்றுதான். ஒரே நாளில் பத்து இடம் காட்ட வேண்டும். முன்பதிவு, அடையாள அட்டை, சோதனை என்று அரை நாள் போனால் அவருக்கு நஷ்டம். ஆகவே "வெளியிலிருந்து பார்வை" என்று நோட்டீசில் போட்டுவிடுகிறார்.

பாதுகாப்பு என்ற பூட்டு

"தீவிரவாதம் இருக்கிற காலத்தில் நாடாளுமன்றத்தைத் திறந்து விடச் சொல்கிறீர்களா?" என்று யாரேனும் கேட்டால் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தின் மேல் நடந்த தாக்குதலில் 9 பேர் உயிரிழந்தார்கள். காவலர்களோடு ஒரு தோட்டக்காரரும் அதில் இறந்தார். சரியாக 22 ஆண்டு கழித்து, 2023-ல் அதே டிசம்பர் 13 அன்று, புதிய மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து 2 பேர் உறுப்பினர்கள் நடுவே குதித்து வண்ணப் புகையைக் கிளப்பினார்கள். உடனே பார்வையாளர் அனுமதிச் சீட்டு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆனால் இந்த இரண்டாவது சம்பவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 2 பேரும் சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் அல்ல. ஓர் எம்.பி.யின் பரிந்துரையில் கிடைத்த சீட்டோடு முறைப்படி வந்தவர்கள். அதாவது, "தெரிந்தவர் சொன்னால் உள்ளே போகலாம்" என்ற முறை பாதுகாப்பு தரவில்லை. அது செய்ததெல்லாம் ஒன்றுதான். யாரையும் தெரியாத ஏழை விவசாயியையும், கட்சிக்காரர் பழக்கம் இல்லாத ஆசிரியரையும் வெளியே நிறுத்தியது. பரிந்துரைக் கடிதம் ஒருவர் கெட்டவரா நல்லவரா என்று காட்டாது. அவருக்கு யாரைத் தெரியும் என்று மட்டும்தான் காட்டும். அடையாளத்தைச் சரிபார்ப்பது, உடலைச் சோதிப்பது, மாடத்துக்குத் தடுப்பு வைப்பது, இவைதான் பாதுகாப்பு. இவை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் ரைஷ்டாக் கட்டிடத்தின் மேல் 1999-ல் ஒரு கண்ணாடிக் குவிமாடம் கட்டினார்கள். பெயரைப் பதிவு செய்து, சோதனை முடித்து யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறலாம். சுருள் பாதையில் மேலே நடக்கிற மக்களுக்குக் காலடியில் சபை மண்டபம் தெரியும். ஆள்பவர்களுக்கு மேலே மக்கள் என்பதுதான் அதன் பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் 1988-ல் கட்டிய நாடாளுமன்றத்தின் கூரைமேல் புல்வெளி போட்டு மக்களை நடக்க விட்டார்கள். பாதுகாப்பு பயத்தால் 2017-ல் அந்தப் புல்சரிவில் வேலி போட்டுவிட்டார்கள். ஆகவே இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. வேலி போடுவது சுலபம், போட்ட வேலியை எடுப்பதுதான் கஷ்டம் என்பதைக் கான்பெரா காட்டுகிறது. சோதனையைக் கடுமையாக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம் என்பதை பெர்லின் காட்டுகிறது.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல:

1. நாடாளுமன்றத்தைப் பார்க்க எம்.பி. பரிந்துரை தேவையில்லாமல், அடையாள அட்டையை வைத்துக் குடிமக்கள் நேரடியாகப் பதிவு செய்யும் வழி வேண்டும். குலுக்கல் முறையில் கொடுத்தாலும் சரி, அதில் சிபாரிசு இருக்காது.

2. குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதிவு செய்ய முடிய வேண்டும். 2 நாள் மட்டும் டெல்லியில் இருக்கும் குடும்பம் தனித்தனியாக அலைய முடியாது.

3. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அந்த 22 மொழிகளிலும் விளக்கக் கையேடும், காதில் மாட்டிக் கேட்கும் ஒலிப்பதிவும் இருக்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் தெரியாத ஒருவர் தன் நாட்டு நாடாளுமன்றத்தில் ஊமைப் படம் பார்ப்பது போல் நிற்கக் கூடாது.

4. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். வசதியான பள்ளிகள் எப்படியும் போய்விடும். மற்றவர்களை அரசுதான் அழைத்துப் போக வேண்டும்.

5. ரைசினா குன்றின் இரண்டு செயலகக் கட்டிடங்களும் தேசிய அருங்காட்சியகமாக மாறும் என்று அரசு அறிவித்திருக்கிறது. வடக்குக் கட்டிடத்தில் ஆங்கிலேயர் வெட்டிவைத்த ஒரு வாசகம் இருக்கிறது. சுதந்திரம் தானாக மக்களிடம் இறங்கி வராது, மக்கள்தான் அதற்குத் தகுதியாக உயர வேண்டும் என்ற பொருளில்! அடிமைப்படுத்தியவனே சொன்ன உபதேசம். அதை அழிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு விளக்கப் பலகை வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் படிக்கும்படி செய்ய வேண்டும்.

மக்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. சினிமா டிக்கெட்டுக்கு முன்பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கு மாளிகைக்கு முன்பதிவு செய்வது பெரிய காரியமா? டூர் ஏற்பாடு செய்பவரிடம் "உள்ளே அழைத்துப் போவீர்களா?" என்று நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை அவரே நோட்டீசில் சேர்த்துவிடுவார். கேட்காதவரை அவர் ஏன் சேர்க்கப் போகிறார்? போகிற இடத்தைப் பற்றி ரயிலில் உட்கார்ந்து பத்து பக்கம் படித்துவிட்டுப் போகலாம். போர் நினைவகத்தில் செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டு நிற்காமல் இருக்கலாம். இந்தியா கேட் புல்வெளியில் சாப்பிட்ட பொட்டலத்தை அங்கேயே வீசாமல் இருக்கலாம். தன் வீடு என்று உரிமை கேட்கிறவர், தன் வீட்டைப் போல வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

"இதெல்லாம் சுற்றுலா விஷயம், இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று தோன்றலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகி நிற்கும் ஒருவர், அந்தப் பயத்தை எங்கே கற்றுக்கொண்டார்? அரசுக் கட்டிடம் என்றாலே அது அடுத்தவன் வீடு, உள்ளே போனால் விரட்டுவார்கள் என்ற எண்ணம் 1947-க்கு முன்பு திட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. இன்னும் அது முழுதாகப் போகவில்லை. பத்து வயதில் நாடாளுமன்ற மாடத்தில் உட்கார்ந்து, கீழே உறுப்பினர்கள் பேசுவதையும், தூங்குவதையும், சண்டை போடுவதையும் நேரில் பார்த்த ஒரு பிள்ளை, இருபது வயதில் தாலுகா ஆபீசில் கூனி நிற்காது. "என் மனு எந்த மேசையில் இருக்கு சார்?" என்று நிமிர்ந்து கேட்கும்.

அடுத்த முறை டெல்லிக்கு டிக்கெட் போடுகிறவர்கள் தாஜ்மஹாலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது ரைசினா குன்றுக்கு ஒதுக்குங்கள். கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்யுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே போய்ப் பாருங்கள்!